ஜார்ஜியா ஒயினும் நம்மூர் ஊறுகாய் ஜாடியும்: கைப்பக்குவத்தை யாரிடம் கற்றீர்கள்?

கோட்டையூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடம் ஜார்ஜியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா இல்லை. பல்லவன் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. கருங்கடலுக்குக் கிழக்கே இருக்கிற குட்டி நாடு. இப்போது இங்கே பதிவு பெறுவதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்க வேண்டிய நேரத்தில்தான் இதை எழுதுகிறேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

திபிலீசியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மாவின் அண்ணனுக்குத் தெலாவி பக்கம் ஒரு கிராமம். ககேத்தி என்று சொல்கிற அந்தப் பகுதி முழுக்கத் திராட்சைக் கொடிதான். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் அறுவடை, அதற்கு ரத்வேலி என்று பெயர். நான்கு வருடம் தொடர்ந்து போனேன். முதல் வருடம் சாப்பாட்டுக்காகப் போனேன், அடுத்த மூன்று வருடமும் வேடிக்கை பார்க்கத்தான்.

அவர்கள் ஒயின் போடுவது க்வெவ்ரி என்ற மண் தாழியில். நம் ஊர் முதுமக்கள் தாழியை இன்னும் பெரிதாக்கி, அடியைக் கூம்பாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்து வரை மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். அது இருக்கிற அறைக்கு மராணி என்று பேர். திராட்சையை மிதித்துச் சாறு, தோல், விதை, சில சமயம் காம்பு என்று எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளே கொட்டுவார்கள். ஈஸ்ட் என்று தனியாக எதையும் வாங்கிப் போடுவதில்லை, பழத்தோலில் இருப்பதே போதும். இரண்டொரு நாளில் கொதிக்க ஆரம்பிக்கும். தோல் எல்லாம் மேலே மிதந்து தொப்பி மாதிரி நிற்கும். அதை நீளக் கம்பால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அமுக்கிவிட வேண்டும். அது தானாகக் கீழே இறங்கியதும் மூடி வைத்துக் களிமண் பூசுவார்கள். பிறகு வசந்தம் வரை தொடுவதில்லை. வெள்ளைத் திராட்சையில் போட்டாலும் தோலோடு கிடப்பதால் ஒயின் தேன் நிறத்தில் வரும்.

இதையெல்லாம் இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு.

அந்த மாமாவுக்குப் பாடம் எடுக்கத் தெரியாது. "எப்போது மூடுவது?" என்று கேட்டால் "இறங்கினதும்" என்பார். "இறங்கியது எப்படித் தெரியும்?" என்றால் கம்பை என் கையில் கொடுத்துவிடுவார். முதல் நாள் தொப்பியைக் குத்தும்போது மெத்தையைக் குத்துவது போல இருந்தது. எட்டாம் நாள் கம்பு வழுக்கிக்கொண்டு போனது. சரி, இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வீடு தள்ளி இருந்த கிழவர் வந்து குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு "இன்னும் பேசுகிறது" என்றார். மூன்று நாள் கழித்துத்தான் மூடினோம்.

தெருவில் எல்லா வீட்டிலும் ஒயின் போடுகிறார்கள். அதனால் ஒருவர் செய்வதை இன்னொருவர் எட்டிப் பார்க்காமல் இருப்பதே இல்லை. தாழி திறக்கும்போது அக்கம்பக்கத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஒரு வருடம் எங்கள் மாமாவின் ஒரு தாழி கெட்டுவிட்டது. மேலே பூசிய களிமண் காய்ந்து வெடித்திருந்தது, யாரும் ஈரம் போட்டுப் பார்க்கவில்லை. காற்றுப் புகுந்து வினிகர் ஆகிவிட்டது. வந்த ஏழெட்டுப் பேரும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஒருவர் "சாலடுக்கு நல்லது" என்றார். மாமா சிரித்தார். ஆனால் அடுத்த வருடம் வாரம் ஒரு முறை அந்தக் களிமண்ணை அவர் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

சோவியத் காலத்தில் பெரிய ஆலைகள் லட்சக்கணக்கான பாட்டில் போட்டுத் தள்ளியபோதும் இந்தத் தாழி வேலை வீடுகளில்தான் உயிரோடு இருந்திருக்கிறது. விற்பதற்காக அல்ல, அவர்களே குடிப்பதற்காக.

ஊருக்கு வந்ததிலிருந்து இதுதான் மண்டையில் ஓடுகிறது. நம் பக்கம் இப்படி, வாத்தியார் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்ட தொழில் எது? இன்னும் எங்காவது நடக்கிறதா? அப்புறம் ஒரு ஆசை: கம்பம் பன்னீர் திராட்சை இரண்டு பெட்டி வாங்கி நாமே ஒரு தாழியில் போட்டுப் பார்த்தால் என்ன?

---

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, கடைசி வரியை அழித்துவிடுங்கள். தொழிலால் நான் வழக்கறிஞர், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் வருடத்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் வீட்டில் தயாரிப்பது குற்றம். ஒயினும் அதில் அடக்கம். ஜார்ஜியாவில் வீட்டுத் தேவைக்குப் போட்டுக்கொள்ளலாம், இங்கே முடியாது. "கிறிஸ்துமஸுக்கு எல்லோரும்தானே போடுகிறார்கள்" என்று அடுத்த பதிவில் யாராவது வருவீர்கள். போடுகிறார்கள். அதனால் சட்டம் மாறிவிடவில்லை.

மற்றபடி நல்ல கேள்வி. பதில் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

---

நெற்குப்பை ஆச்சி

பேரன் டைப் செய்கிறான், நான் சொல்கிறேன். பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

கோட்டையூர்த் தம்பி எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்கு எங்கள் வீட்டு மூன்றாம் கட்டுதான், அதாவது அடுப்படிப் பக்கம்தான், ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரர்கள் நம் வீடுகளைப் பார்த்துவிட்டுத் தூணையும் தேக்கையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். உள்ளே அடுப்பு எத்தனை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நகரத்தார் வீட்டில் பையனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், அடுப்பு தனி, அரிசி பருப்புக் கணக்கும் தனி. நான் வாழ வந்தபோது ஒரே வீட்டில் ஆறு அடுப்பு. மாசி பங்குனியில் மாவடு வந்தால் ஆறு பேரும் ஆறு ஜாடியில் போடுவோம். ஒரே மரத்து வடு, ஒரே வண்டியில் வந்த கல் உப்பு. ஆனால் ஆறு ருசி.

யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவு இல்லை. என் மாமியார் சொல்லிக்கொடுத்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வருடம் நான் போட்டது பூத்துவிட்டது. ஜாடி வாயில் கட்டிய வேடுத் துணியை அவிழ்த்ததும் மேலே வெள்ளையாக ஆடை. எதிர் அடுப்படியில் இருந்த சின்ன மாமியார் தாண்டிப் போகும்போது, "ஜாடியைக் கழுவி வெயில்ல வச்சியா, துணியால தொடச்சியா?" என்று மட்டும் கேட்டார். தொடச்சேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம். அடுத்த வருடம் ஜாடி ஒரு பகல் முழுக்கக் கவிழ்ந்து கிடந்தது.

மோருஞ்சோற்றுக்கு ஒருத்தர் ஜாடியிலிருந்து இன்னொருத்தர் எடுத்துப் போட்டுக்கொள்வது வழக்கம். கேட்டுக்கொண்டெல்லாம் எடுப்பதில்லை. எந்த ஜாடி சீக்கிரம் காலியாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்தால் போதாதா?

இன்றைக்கு என் மருமகள் சென்னையில் இருக்கிறாள். என்னை விட நன்றாகச் சமைப்பாள். போனில் அளவு கேட்பாள், சொல்வேன். வடு நன்றாகத்தான் வருகிறது என்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் எடுத்துப் போட்டுச் சாப்பிடவில்லையே.

---

ரயிலடி டீச்சர்

ஆச்சி எழுதியது அருமை. இருந்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் இது வெறும் பழம்பெருமை இழையாகிவிடும்.

அந்த ஆறு அடுப்பில் எத்தனை அடுப்பைச் சமையல்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்? உலகம் முழுக்கச் "செட்டிநாட்டுச் சமையல்" என்று பலகை மாட்டிய கடைகளில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கைகளின் வாரிசுகள்தான். அவர்கள் பெயர் எந்த வீட்டுச் சுவரிலும் இல்லை. அதே மாதிரி, "பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வது" என்கிறோமே, அந்தப் பக்கத்து வீடு எது? எந்தத் தெருவுக்குள் யார் வரலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. ஒரு தெருவின் வித்தை அடுத்த தெருவுக்குப் போகாது. பனை ஏறுகிறவர் மகன் பனை ஏறினான் என்றால், ஆசைப்பட்டா கற்றுக்கொண்டான்? வேறு கதவு திறக்கவில்லை.

ஜார்ஜியாவில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. அங்கே யார் தாழிக்குள் இறங்கிக் கழுவுகிறார்கள்?

---

கோட்டையூர்க்காரன்

டீச்சர், நியாயமான கேள்வி. நான் பார்த்த வீடுகளில் மராணி வேலை எல்லாம் ஆண்கள்தான். பெண்கள் கொடியில் பறிப்பார்கள், விருந்து சமைப்பார்கள். பெரிய தாழி என்றால் ஆளே உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். சின்னதென்றால் நீளக் கம்பில் செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய ஒரு பிரஷ் வைத்திருப்பார்கள். இறங்குவதற்கு முன் மெழுகுவத்தி ஏற்றி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் கரியமில வாயு நிற்கிறது, இறங்கக்கூடாது. மருத்துவம் படித்த எனக்கு அது பாடப்புத்தகத்தில் இருந்தது. அவர்களுக்கு அது என்றோ யாரையோ பறிகொடுத்ததன் ஞாபகமாக இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்டபோது மாமா பேச்சை மாற்றினார்.

---

சாயல்குடி பனங்காடு

பனை என்ற பேச்சு வந்துவிட்டது, நான் எப்படிச் சும்மா இருப்பது? அப்பா பனை ஏறியவர். நான் காரைக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறேன்.

டீச்சர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அப்பாவே என்னை ஏறவிடவில்லை. ஒரு நாளைக்கு 30 மரம், காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. நெஞ்சில் காய்ப்பு இருக்கும், கையால் தொட்டால் மரப்பட்டை மாதிரி. "இது என்னோட போகட்டும்" என்றார். அவர் சித்தப்பா மரத்திலிருந்து விழுந்து செத்தவர். கைப்பக்குவம் என்று நாம் சிலாகிப்பதற்கு அடியில் இதுவும் கிடக்கிறது.

ஆனால் கோட்டையூர்த் தம்பி கேட்ட கேள்விக்கு நேர் பதில் எங்கள் பனங்காட்டில் இருக்கிறது. சொல்கிறேன்.

பாளையைச் சீவினால் வடிகிற சாறு இனிப்பு. அப்படியே விட்டால் மரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். சுண்ணாம்பு புளிக்கவிடாது. வழக்கறிஞர் அண்ணனுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்: 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆக, ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் வழக்குக்கும் நடுவில் இருக்கிற கோடு.

அந்த ஒரு விரல் எவ்வளவு என்பதுதான் படிப்பு. குறைந்தால் சாறு புளிப்பேறும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது, இளகிக்கொண்டே இருக்கும். சர்க்கரை உடைந்துபோகிறது என்று பின்னால் ஒரு வேளாண் அதிகாரி விளக்கினார். கூடினால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் காறும். வெயில் ஏறினால் கூடத் தடவணும், பனி விழுந்தால் குறைக்கணும். பழங்கலயத்துக்கு ஒரு கணக்கு, புதுக்கலயத்துக்கு ஒரு கணக்கு.

அப்பாவுக்குத் தான் தடவியது சரியா என்று மரத்தில் தெரியாது. அது தெரிவது கீழே, பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியில், அம்மாவுக்கு. பதநீர் காய்ச்சுவது பெண்கள் வேலை. பனங்காட்டில் விடிலிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பொங்கி வழிய வந்தால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள், அடங்கும். துடுப்பால் துழாவி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, சிரட்டையில் ஊற்றுவார்கள். இறுகவில்லை என்றால் பக்கத்து விடிலிக்காரம்மா சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஒங்க ஆளு நேத்து சுண்ணாம்ப மறந்துட்டாருல்ல?" என்பார். சாயந்திரம் மரத்துக்குப் போகும் முன் அப்பாவுக்குச் செய்தி போய்விடும். டீச்சர், இதைக் கவனியுங்கள்: மேலே ஏறுகிற ஆணுக்குப் பாடம் சொன்னது கீழே துழாவுகிற பெண்கள்.

இப்போது விடிலிகள் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடக்கிறது. அதைவிடப் பெரிய கேடு கடையில்தான். சீனியைக் கலந்து காய்ச்சினால் சுண்ணாம்புக் கணக்கெல்லாம் தேவையில்லை, சும்மா இறுகும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நல்லதைக் கொண்டுவருகிறவருக்கு நான் கூடக் கொடுக்க நினைத்தாலும், வாடிக்கையாளர் "எதிர்க் கடையில் குறைவு" என்கிறார். மாமா ஊரில் அவர்கள் ஒயினை அவர்களே குடித்தார்கள் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரிலேயே இப்போது காப்பிக்குச் சீனிதான்.

---

தேவகோட்டை ரஸ்தா

> ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் வழக்குக்கும் நடுவில் இருக்கிற கோடு

இருபத்திரண்டு வருட வக்கீல் தொழிலில் மதுவிலக்குச் சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

---

சுண்ணாம்புக் கொத்தன்

சுண்ணாம்பு என்றால் நாங்கள் இல்லாமலா!

நாலு தலைமுறையாகக் கொத்து வேலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலைதான் இப்போது அதிகம். உங்கள் ஒயின் தாழிக்கு உறவுக்காரன் எங்களிடமும் ஒருவன் இருக்கிறான், அது கடுக்காய்த் தண்ணீர்த் தொட்டி. கடுக்காயை இடித்து, கருப்பட்டியோடு தண்ணீரில் ஊறப் போடுவோம். சில நாளில் நுரை கட்டிப் புளித்த வாடை அடிக்கும். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பும் மணலும் அரைப்பது. பல பூச்சு பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தால் அந்தச் சுவர் பளபளப்பு. கன்னத்தை வைத்தால் குளுகுளு என்று இருக்கும்.

நான் சித்தாளாக இருந்த முதல் வருடம் கரண்டியைத் தொடவிடவில்லை. தொட்டியைக் கிளறு, மோந்து பார், பெரியவரிடம் போய்ச் சொல். என்ன சொல்ல? "நேத்து மாதிரி இருக்கு", "நேத்தைவிட காரமா இருக்கு". அவர் வந்து மோந்து பார்ப்பார். நான் சொன்னது தப்பாக இருந்தால் எல்லாக் கொத்தனார்களையும் கூப்பிட்டு மோக்கச் சொல்வார். அவமானம்தான். ஆனால் ஒரே வருடத்தில் மூக்கு பழகிவிட்டது.

போன வருடம் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதி ஆக்கும் வேலை. பொறியாளர் தம்பி நல்ல பையன், நோட்டுப் போட்டு அளவு கேட்டான். எத்தனை கிலோ கடுக்காய், எத்தனை நாள். சொன்னேன். அதையே எழுதிக்கொண்டு ஐப்பசி மழையில் வேறு இடத்தில் செய்திருக்கிறான். நான் சொன்ன நாள் கணக்கு சித்திரைக்கு. பூச்சு பொரிந்து உதிர்ந்துவிட்டது. என்னிடம் சண்டைக்கு வந்தான். அளவு பொய் இல்லை தம்பி, நீ மோந்து பார்க்கவில்லை என்றேன். கோபித்துக்கொண்டான். இப்போது தொட்டி வைக்கும்போதெல்லாம் போன் செய்து "வந்து மோந்து பாருங்கண்ணே" என்கிறான். பஸ் காசு அவன்தான் தருகிறான்.

---

ரயிலடி டீச்சர்

சாயல்குடி அண்ணன் விடிலியைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் முந்தைய பதிவில் பெண்களைப் பற்றிச் சொல்லாமலே தாண்டிவிட்டேன், தப்புதான். சாதி விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நம் பனையோலைக் கூடை, அதான் கொட்டான், பின்னுவதைப் பாருங்கள். ஒரு காலத்தில் சீர் சாமான் வைக்க ஆச்சிமார் வீட்டிலேயே பின்னியது. ஏறக்குறைய அழிந்தே போயிற்று. பிறகு ஓர் அறக்கட்டளை முயற்சியில், எந்த வீட்டுச் சீருக்கும் சம்பந்தமில்லாத கிராமத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டார்கள். இன்று கொட்டான் இருப்பது அவர்களால்தான். தெருவைத் தாண்டினாலும் வித்தை வரும். கூடி உட்கார ஓர் இடமும், செய்ததற்குக் கூலியும் வேண்டும், அவ்வளவே.

---

கோட்டையூர்க்காரன்

தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஆனாலும் இந்த இழையை மூடிவிட்டுப் படிக்க முடியவில்லை.

திராட்சை ஆசையை விட்டுவிட்டேன், வக்கீல் அண்ணே. உங்கள் நிம்மதிக்காக இன்னொரு தடவை சொல்கிறேன்: விட்டுவிட்டேன். இவ்வளவையும் படித்தபின் தோன்றுவது இதுதான். நான் அங்கே கற்றது ஒயின் இல்லை. ஒரே வேலையை, ஒரே சமயத்தில், மோப்பம் பிடிக்கிற தூரத்தில் நாலு பேர் செய்வது. ஆச்சி வீட்டு மூன்றாம் கட்டு, விடிலி, கடுக்காய்த் தொட்டி மூன்றிலும் அதுதான் இருந்திருக்கிறது. நாம் யூடியூப் பார்த்துத் தனித்தனியாகச் செய்கிறோம். கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடுகிறோம்.

ஒரு யோசனை. மாசி பிறக்கப் போகிறது, வடு வந்துவிடும். இங்கே இருக்கிறவர்களில் ஐந்தாறு பேர் அவரவர் வீட்டில் மாவடு போடுவோம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா ஜாடியையும் ஒரே இடத்தில் வைத்துத் திறப்போம். யாரும் யாரையும் பாராட்டக் கூடாது. கெட்டதையும் கொண்டுவர வேண்டும், அதுதான் முக்கியம். பழையசோறு என் பொறுப்பு. டீச்சர், இடம் உங்கள் பள்ளிக்கூடத் திண்ணையா, யார் வீட்டு வளவா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

---

சாயல்குடி பனங்காடு

நான் தயார். அதற்கு முன்னால் பங்குனியில் ஒரு நாள் எல்லோரும் எங்கள் பக்கம் வாருங்கள். காலை ஆறு மணிக்குள் வந்தால் மரத்திலிருந்து இறக்கிய கையோடு பதநீர். ஏழரைக்கு மேல் வந்தால் காய்ச்சப் போயிருக்கும், சிரட்டைதான் கிடைக்கும்.

---

சுண்ணாம்புக் கொத்தன்

நானும் வருகிறேன். உப்பு எவ்வளவு போடுவது, ஆச்சி? எங்கள் வீட்டில் ஜாடி இல்லை, பிளாஸ்டிக் டப்பா பரவாயில்லையா?

---

நெற்குப்பை ஆச்சி

பிளாஸ்டிக் வேண்டாம். பரணில் ஜாடி பதினொன்று தூசி பிடித்துக் கிடக்கிறது. பையனை விட்டு இறக்கி வைக்கிறேன், யாருக்கு வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு, என் மாமியார் எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி என்பார். எதிர் அடுப்படிச் சின்ன மாமியார் ஏழுக்கு ஒன்று. இரண்டு பேரும் சாகிற வரைக்கும் ஒத்துப்போகவில்லை. கொத்தனாரே, நீங்கள் எட்டுக்குப் போடுங்கள், டீச்சர் ஏழுக்குப் போடட்டும்.

ஜாடியைக் கழுவினதும் துணியால் துடைக்காதீர்கள்.